ஐஎஸ்பிஎஃப் எடிட்டரில் சேஞ்ச் கட்டளை: 80 இடங்களுக்குள் பிசகாமல் திருத்த

மெயின்ஃப்ரேமில் ஜேசிஎல் (ஒரு ஜாபை எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லும் வரிகள்), கோபோல் மொழிப் புரோகிராம், கன்ட்ரோல் கார்டு (புரோகிராமுக்கான கட்டுப்பாட்டு வரிகள்) என எதைத் திறந்தாலும் பெரும்பாலும் ஒரே அளவு வரிகள்தான்: ரெக்கார்ட் அமைப்பு எஃப்பி (எல்லா வரியும் ஒரே நீளம்), நீளம் 80. துளை அட்டையில் இருந்த 80 இடங்கள் இன்றும் அப்படியே தொடர்கின்றன. வரியை நீட்ட முடியாது. எந்த எழுத்து எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதற்கும் தனிப் பொருள் உண்டு. ஐபிஎம் மெயின்ஃப்ரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸின் ஐஎஸ்பிஎஃப் எடிட்டரில் ஒரு பெயரை ஆயிரம் வரிகளில் மாற்ற ஒரே ஒரு சேஞ்ச் போதும். மாறிய பெயர் அந்த 80 இடங்களில் எதையெல்லாம் இடித்துத் தள்ளியது என்று பார்ப்பதில்தான் நேரம் போகும். அதற்கே இங்கு அதிக இடம் தரப்பட்டிருக்கிறது.

கட்டளைப் பெயர்கள் ஒலிக்கிறபடி தமிழில் தரப்பட்டுள்ளன. திரையில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கட்டளைப் பெயருக்குக் கிடையாது.

திறக்கும்போதே பார்க்க வேண்டியவை

முதன்மை மெனுவில் 2 என்றால் எடிட். பழகியவர்கள் பெரும்பாலும் 3.4க்குப் போவார்கள்: டேட்டாசெட் (மெயின்ஃப்ரேம் ஃபைல்) பெயரின் முன்பகுதியைக் கொடுத்தால் பட்டியல் வரும், வேண்டியதன் இடப்பக்கம் ‘இ’ எழுத்தைத் தட்டி என்டர். பல மெம்பர்களை (உள்ஃபைல்களை) கொண்ட பார்டிஷன்டு டேட்டாசெட் என்றால் மெம்பர் பட்டியல் வரும். அங்கும் அதே ‘இ’. படிக்க மட்டும் வேண்டுமானால் ‘வி’ போட்டு வியூவில் திறந்துகொள்வது நல்லது. எடிட்டில் எஃப்3 அழுத்தினால் ஆட்டோசேவ் இயல்பாக ஆன் நிலையில் இருப்பதால் தவறுதலாகத் தொட்டதும் சேர்ந்து பதிவாகிவிடும். வியூவில் அந்த ஆபத்து இல்லை. எடிட்டில் இருந்து எதையும் பதியாமல் வெளியேற கட்டளை வரியில் கேன்சல்.

மெனு 2இல் டேட்டாசெட் பெயரை முழுதாகக் கொடுக்கும்போது ஒற்றை மேற்கோளுக்குள் கொடுங்கள். மேற்கோள் இல்லாவிட்டால் நீங்கள் உள்நுழைந்து வேலை செய்யும் டிஎஸ்ஓவின் முன்னொட்டு, வழக்கமாக உங்கள் யூசர் ஐடி, பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். பிறகு டேட்டாசெட் இல்லை என்று செய்தி வரும்.

மெம்பர் பயன்பாட்டில் இருக்கிறது என்று வந்தால் எஃப்1 அழுத்திப் பாருங்கள். விவரம் போதாவிட்டால் டிஎஸ்ஓ ஐஎஸ்ஆர்டிடிஎன் என்று தட்டி, அந்தத் திரையில் ‘இஎன்க்யூ’ கொடுத்தால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று தேடலாம். எடிட்டர் எஸ்பிஎஃப்எடிட் என்ற பெயரில் ஒரு பூட்டு போடுகிறது. இரண்டு பேர் ஒரே மெம்பரை ஒரே நேரத்தில் எடிட் செய்யாமல் அது காக்கும். ஆனால் டிஸ்ப் ஷேர் (பிறரோடு பகிர்ந்து திறக்கும் முறை) கொடுத்து அதே மெம்பரில் எழுதும், பின்னணியில் ஓடும் ஒரு பேட்ச் ஜாபுக்கு அந்தப் பூட்டைப் பற்றித் தெரியாது. கடைசியாகப் பதிந்தவர் எழுதியதே நிற்கும்.

உள்ளே போனதும் முதல் வேலையாக ‘ப்ரொஃபைல்’ என்று தட்டுங்கள். தரவுக்கு மேலே சில வரிகள் வந்து இப்போதைய அமைப்பைக் காட்டும். இந்த அமைப்பு டேட்டாசெட் பெயரின் கடைசிப் பகுதியை வைத்து நினைவில் வைக்கப்படுகிறது. அதனால் கோபோல் என்று முடியும் டேட்டாசெட்டில் நேற்று மாற்றிய ஒன்று, அதே முடிவுள்ள வேறு டேட்டாசெட்டில் இன்று உங்களை எதிர்பாராமல் கவிழ்க்கலாம். நான்கு விஷயங்களைக் கவனித்தால் போதும்.

நம்பர் ஆன் என்றிருந்தால் 73 முதல் 80 வரையான இடங்கள் வரிசை எண்ணுக்குப் போய்விடும். கோபோல் எண்ணிடல் என்றால் 1 முதல் 6 வரை. அந்த இடங்களில் உண்மையான தரவு இருக்கும் ஃபைலில் நம்பர் ஆன் தட்டினால் தரவின் மேலேயே எண் ஏறிவிடும். 80 எழுத்து அகலத் திரையில் வரியின் முதல் 72 இடங்கள் மட்டுமே தெரிவதால் சேதம் கண்ணில் படாது. எஃப்11 அழுத்தி வலப்பக்கம் நகர்ந்து பார்க்க வேண்டும். 80 இடங்களையும் தரவாகப் படிக்கும் புரோகிராமுக்கு ஜேசிஎல்லுக்குள்ளேயே உள்ளீடு கொடுக்கும்போது இந்த எண்கள் உள்ளீட்டின் பகுதியாகப் போய்விடுவது அடிக்கடி நடக்கும் கோளாறு. எண்கள் வேண்டாமென்றால் ‘அன்நம்’ அவற்றை வெற்றிடமாக்கி, எண்ணிடலையும் நிறுத்தும்.

கேப்ஸ் ஆன் என்றால் நீங்கள் தட்டித் திருத்திய வரியில் ஏற்கெனவே இருந்த சிறிய எழுத்துகளும் சேர்ந்து பெரியவையாகும். ஜேசிஎல்லில் யுனிக்ஸ் பாதை எழுதியிருந்தால் இது உடனே கடிக்கும். அங்கே எழுத்து வேறுபாடு உண்டு, பாதை கிடைக்கவில்லை என்று ஜாப் விழும். கேப்ஸ் ஆஃப் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

செட்அன்டூ ஆன் ஆக இருக்க வேண்டும். அதுவும் ரெகவரியும் இரண்டுமே இல்லாவிட்டால் அன்டூ வேலை செய்யாது. இருந்தாலும், சேவ் செய்த பிறகு அதற்கு முந்தைய மாற்றங்களை அன்டூ கொண்டுவராது. அதனால் பெரிய மாற்றத்தைச் செய்ததும் கை தானாகச் சேவ் அடிக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். ரெகவரி ஆன் இருந்தால் இணைப்பு நடுவில் அறுந்தாலும் அடுத்த முறை எடிட்டுக்குள் நுழையும்போது விட்ட இடத்தில் தொடரலாமா என்று கேட்கும்.

சேஞ்ச்: எதை, எங்கே, எத்தனை

அடிப்படை வடிவம் இது:

சேஞ்ச் 'பழையது' 'புதியது' ஆல்

ஆல் இல்லாமல் கொடுத்தால் கர்சருக்கு அடுத்து வரும் ஒன்றை உடனே மாற்றிவிடும், கேட்டுக்கொண்டு மாற்றாது. பிறகு எஃப்5 அடுத்ததைத் தேடிக் காட்டும், எஃப்6 மாற்றும், வேண்டாமென்றால் மறுபடி எஃப்5. பத்துப் பதினைந்து இடங்கள்தான் என்றால் இந்த முறையே போதும். கண்ணால் பார்த்து மாற்றியது போலாகும்.

மேற்கோளுக்குள் சாதாரணமாகக் கொடுத்த சொல்லை எடிட்டர் எழுத்து அளவு பார்க்காமல் தேடும். அளவும் பொருந்த வேண்டுமென்றால் மேற்கோளுக்கு முன்னால் ‘சி’ எழுத்தை ஒட்டுங்கள். எக்ஸ் எழுத்தை ஒட்டினால் பதினாறெண் மதிப்பு, பி எழுத்தை ஒட்டினால் வடிவம். பி'#' ஓர் இலக்கம், பி'@' ஓர் எழுத்து, பி'=' எது வேண்டுமானாலும், பி'¬' வெற்றிடம் அல்லாத எதுவும், பி'.' திரையில் காட்ட முடியாத எழுத்து.

எதுவும் சொல்லாவிட்டால் தேடல் எழுத்துக் கோவையாகவே நடக்கும். ‘ரேட்’ என்பதை மாற்றச் சொன்னால் ‘கார்ப்பரேட்’டுக்குள் இருக்கும் ரேட்டும் மாறும். தனிச் சொல்லாக வருவது மட்டும் வேண்டுமென்றால் ‘வேர்ட்’ சேர்க்கவும். கோபோலில் நடுவே ஹைஃபன் வைத்த பெயர்கள் நிறைய வருவதால், அதே ‘வேர்ட்’டைச் சேர்த்து முதலில் ஃபைண்ட் ஓட்டி எவை சிக்குகின்றன என்று பார்த்த பின்பே சேஞ்சுக்குப் போங்கள்.

இட எண்ணும் கொடுக்கலாம். ஒரே எண் கொடுத்தால் சொல் சரியாக அந்த இடத்தில் தொடங்க வேண்டும். இரண்டு எண் கொடுத்தால் அந்த எல்லைக்குள் முழுதாக அடங்க வேண்டும். கோபோலில் ஒரு தொகுதி வரிகளைக் கமென்ட் ஆக்க இதைவிட எளிய வழி இல்லை. முதல் வரியின் எண் பகுதியில் (திரையின் இடப்பக்கம் வரி எண் தெரியும் இடம்) புள்ளி ஏ, கடைசி வரியில் புள்ளி பி என்று லேபிள் போடுங்கள். பிறகு:

சேஞ்ச் ' ' '*' 7 ஆல் .ஏ .பி

7ஆம் இடத்தில் வெற்றிடம் இருந்த வரிகளில் மட்டும் நட்சத்திரம் விழும். ஏற்கெனவே அங்கே நட்சத்திரமோ தொடர்ச்சிக் குறியான ஹைஃபனோ இருந்தால் தொடாது. அதையும் மேலெழுத வேண்டுமென்றால் ' ' இருக்கும் இடத்தில் பி'=' கொடுக்கலாம்; ஆனால் திரும்பக் கழற்றும்போது முன்பு என்ன இருந்தது என்பது தொலைந்திருக்கும். லேபிள் பெயர் இசட் எழுத்தில் தொடங்கக் கூடாது. அவை எடிட்டருக்கே உரியவை. முதல் வரிக்கு .இசட்எஃப், கடைசிக்கு .இசட்எல் எப்போதும் தயாராக இருக்கும்.

ஜேசிஎல்லில் இதே வேலைக்கு 1ஆம் இடத்தில் '//' என்பதை '//*' ஆக மாற்றுவார்கள். கழற்ற, மூன்றை இரண்டாக்கினால் போதும். ஏற்கெனவே கமென்ட்டாக இருந்த வரி '//**' ஆகி, கழற்றும்போது '//*' ஆகவே திரும்பும். இதில் மறந்துபோவது உள்ளீட்டு வரிகள். டிடி (ஜாப் பயன்படுத்தும் ஃபைலைக் குறிக்கும் ஜேசிஎல் வரி) நட்சத்திரத்துக்குக் கீழே இருக்கும் தரவு '//' என்று தொடங்காது, அதனால் மாறாமல் நிற்கும். சொந்தக்காரன் இல்லாத அந்த வரிகளுக்கு ஜாப்களை ஏற்றுக்கொள்ளும் ஜேஇஎஸ் தானாக சிஸ்இன் என்ற பெயரில் ஒரு டிடியை உருவாக்கிக்கொள்ளும். ஜாப் லாகில் நீங்கள் எழுதாத சிஸ்இன் ஒன்று தென்பட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

புதிய பெயர் நீளமாக இருந்தால்

8 எழுத்து இருந்த பெயருக்குப் பதில் 14 எழுத்துப் பெயர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 6 இடங்களுக்காக எடிட்டர் வலப்பக்கம் உள்ளதைத் தள்ளும். வழியில் அடுத்தடுத்து இருக்கும் வெற்றிடங்களைச் சுருக்கி இடம் தேடும். எதையும் இழக்காமல் இடம் கிடைக்காவிட்டால் அந்த வரியை மாற்றாமல் விட்டு, எண் பகுதியில் ==இஆர்ஆர்> என்று குறிக்கும். மாற்றிய வரியில் ==சிஹெச்ஜி> வரும். ஆயிரம் வரி ஃபைலில் மூன்று பிழை வரிகள் எங்கோ கீழே இருக்கும். மேலே உட்கார்ந்துகொண்டு எல்லாம் மாறிவிட்டது என்று நினைப்பது எளிது. ‘லொகேட் இஆர்ஆர்’ என்று தட்டி ஒவ்வொன்றாகப் போய்ப் பாருங்கள்.

எடிட்டர் பிழை சொல்லாத நிலைதான் இதைவிட மோசம். நம்பர் ஆஃப் ஆக இருக்கும்போது எடிட்டரைப் பொறுத்தவரை 80ஆம் இடம் வரை காலி மனைதான். ஜேசிஎல்லைப் படிக்கும் கன்வெர்ட்டருக்கோ 71ஆம் இடத்தோடு வாசகம் முடிந்தது. 72 தொடர்ச்சிக் குறிக்கான இடம். கோபோல் கம்பைலர் 72க்குப் பிறகு பார்ப்பதில்லை. சேஞ்ச் வெற்றி என்று சொல்லும், டேட்டாசெட் பெயரின் வால் 74ஆம் இடத்தில் கிடக்கும், ஜாப் விழும். கோபோலில் வாக்கியத்தின் இறுதிப் புள்ளி மட்டும் 73க்குத் தள்ளப்பட்டால், கம்பைலர் அதைப் பார்க்காமல் அடுத்த வாக்கியத்தோடு சேர்த்துப் படித்துவிடும்; சில வேளை பிழை எதுவும் வராமலேயே.

தடுக்க, சேஞ்சுக்கு முன்னால் எல்லை போடுங்கள். ஜேசிஎல் என்றால் ‘பவுண்ட்ஸ் 1 71’, கோபோல் என்றால் ‘பவுண்ட்ஸ் 7 72’. இப்போது எல்லையைத் தாண்ட வேண்டிய வரிகள் பிழைக் குறியோடு நின்றுவிடும். வேலை முடிந்ததும் வெறும் ‘பவுண்ட்ஸ்’ என்று தட்டி இயல்பு நிலைக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். எல்லையும் ப்ரொஃபைலில் தங்கிவிடும். கண்ணெதிரே இருக்கும் சொல்லை ஃபைண்ட் இல்லை என்று சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மிச்சமிருக்கும் எல்லையைத்தான்.

எல்லை போடாமல் மாற்றியாகிவிட்டது என்றால்:

எக்ஸ்க்ளூட் ஆல்
ஃபைண்ட் பி'¬' 72 80 ஆல்

72ஆம் இடம் முதல் ஏதாவது இருக்கும் வரிகள் மட்டும் திரையில் நிற்கும். எது எங்கே தொடங்குகிறது என்று பார்க்க, வரி எண் பகுதியில் சி-ஓ-எல்-எஸ் தட்டினால் அளவுகோல் ஒன்று வரும். ஜேசிஎல்லில் நீண்ட வரியைக் காற்புள்ளியில் உடைக்க, எண் பகுதியில் டிஎஸ் தட்டி, கர்சரைக் காற்புள்ளிக்கு அடுத்து வைத்து என்டர். கீழே விழும் பகுதிக்கு முன்னால் '//' நீங்களே போட வேண்டும். தொடரும் வாசகம் 4 முதல் 16 வரையான இடங்களுக்குள் தொடங்க வேண்டும். இடையில் வந்த வெற்று வரியை டி போட்டு நீக்குங்கள்.

பெரிய மாற்றத்துக்கு ஒரு வரிசை

பலர் எழுதும் முறை நேராக ஆல். நிதானமான முறை இது. முதலில் எக்ஸ்க்ளூட் ஆல். எல்லா வரியும் மறைந்து, எத்தனை வரி மறைந்தது என்று ஒரு கோடு மட்டும் இருக்கும். அடுத்து ஃபைண்ட் 'பழையது' ஆல்; சிக்கிய வரிகள் மட்டும் வெளிவரும். படியுங்கள். மாறக் கூடாதவை இருந்தால் அவற்றின் எண் பகுதியில் எக்ஸ் தட்டி மறுபடி மறைத்துவிடுங்கள். பிறகு:

சேஞ்ச் 'பழையது' 'புதியது' ஆல் என்எக்ஸ்

கடைசியில் உள்ள என்எக்ஸ்தான் உயிர்நாடி. மறைத்த வரியை சேஞ்ச் தொடாது என்று பலர் நம்புகிறார்கள். என்எக்ஸ் இல்லாத சேஞ்ச் ஆல் மறைந்த வரிகளுக்குள்ளும் புகுந்து மாற்றும். மேல் வலது மூலையில் வரும் எண்ணிக்கைச் செய்தியை, முன்பு ஃபைண்ட் சொன்ன எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். பிறகு ரீசெட் தட்டினால் மறைந்தவை வரும், குறிகள் போகும். அதனால் ==இஆர்ஆர்> குறிகளைப் பார்த்து முடிக்கும் முன் ரீசெட் தட்ட வேண்டாம்.

பதியும் முன் ‘கம்பேர் *’ கொடுத்தால் டிஸ்க்கில் உள்ள பதிப்புக்கும் திரையில் உள்ளதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். திருப்தி என்றால் சேவ். இல்லையென்றால் அன்டூ, அல்லது ஒரேயடியாகக் கேன்சல்.

வரிகளை நீக்கவும் இதே மறைப்பு உதவும்: ‘டெலீட் ஆல் எக்ஸ்’ மறைந்தவற்றையும், ‘டெலீட் ஆல் என்எக்ஸ்’ தெரிபவற்றையும் நீக்கும். ‘ஃப்ளிப்’ மறைந்தவற்றைக் காட்டி, தெரிபவற்றை மறைக்கும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்

வேறு கணினியில் இருந்து வந்த ஃபைலைத் திறந்ததும், காட்ட முடியாத எழுத்துகள் இருக்கின்றன, ஃபைண்ட் பி'.' கொடுத்துப் பாருங்கள் என்று எடிட்டரே சொல்லும். ஹெக்ஸ் ஆன் தட்டினால் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே அதன் மதிப்பு மேலும் கீழுமாக இரண்டு வரிகளில் வரும். மெயின்ஃப்ரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில் வெற்றிடம் 40, பெரிய ‘ஏ’ சி1, பூஜ்யம் எஃப்0, டேப் 05. டேப்தான் தொல்லை என்றால்:

சேஞ்ச் எக்ஸ்'05' எக்ஸ்'40' ஆல்

சதுர அடைப்புக்குறி தொலைந்துபோவதும் அடிக்கடி வரும் புகார். இடது சதுர அடைப்பு 1047 கோட்பேஜில் (எழுத்துக் குறியீட்டு அட்டவணை) ஏடி, 037இல் பிஏ. வலது அடைப்பு முறையே பிடி, பிபி. சி மொழி கம்பைலர் அடைப்பைக் கண்டு முறைத்தால், உங்கள் எமுலேட்டரின் (மெயின்ஃப்ரேம் திரையைக் காட்டும் மென்பொருள்) கோட்பேஜைச் சரிசெய்துவிட்டு, பிறகு பதினாறெண் சேஞ்ச் ஓட்டுங்கள். வரிசையை மாற்றினால் அதே பிழை நாளை மறுபடி வரும்.

பேக்டு டெசிமல் (ஒரு பைட்டில் இரண்டு இலக்கம் அடைத்த) எண்கள் இருக்கும் டேட்டா ஃபைலில் பி'.' எழுத்துகளை மொத்தமாக வெற்றிடமாக்குவது ஃபைலைக் கொல்வதற்குச் சமம். அவை அங்கே குப்பை இல்லை, தொகைகள்.

சேவ் ஆகவில்லை என்றால்

பி37, டி37, இ37 என்ற பிழைக் குறியீடுகள் எல்லாம் இடப் பற்றாக்குறை. டி37 என்றால் முதன்மை இடம் தீர்ந்தது, இரண்டாம் ஒதுக்கீடு கொடுக்கப்படவில்லை. பழைய வகை பார்டிஷன்டு டேட்டாசெட்டில் ஒவ்வொரு சேவும் மெம்பரைப் புதிய இடத்தில் எழுதும். பழைய இடம் கம்ப்ரஸ் செய்யும் (காலியிடங்களை ஒன்றுசேர்க்கும்) வரை திரும்பக் கிடைக்காது. ஒரே மெம்பரைத் திரும்பத் திரும்பச் சேவ் செய்தே டேட்டாசெட்டை நிரப்பிவிடலாம். புதிய வகையான பிடிஎஸ்இயில் இந்தத் தொல்லை இல்லை, இடம் தானாக மறுபயன்பாட்டுக்கு வரும்.

இந்தப் பிழை வந்தால் எஃப்3ஐ மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். ‘கிரியேட் .இசட்எஃப் .இசட்எல்’ என்று தட்டி, வரும் திரையில் இடம் உள்ள வேறு டேட்டாசெட்டைக் கொடுங்கள். வேலை அங்கே பத்திரமாகிவிடும். பிறகு கேன்சல் செய்து வெளியே வந்து, 3.4இல் டேட்டாசெட்டின் இடப்பக்கம் இசட் தட்டிக் கம்ப்ரஸ் செய்து, மெம்பரைத் திறந்து பழையதை நீக்கி, காப்பி கட்டளையால் பத்திரப்படுத்தியதை உள்ளே இழுங்கள்.

பல மெம்பர்களில் ஒரே மாற்றம்

ஐம்பது மெம்பர்களைக் கையால் திறப்பதைவிட, ரெக்ஸ் மொழியில் ஓர் எடிட் மேக்ரோ (எடிட் கட்டளைகளின் தொகுப்பு) எழுதுவது நல்லது. அட்ரஸ் ஐஎஸ்ரெடிட் என்று தொடங்கி, முதல் எடிட் கட்டளையாக மேக்ரோ, அடுத்து பவுண்ட்ஸ், அடுத்து சேஞ்ச், கடைசியில் எண்ட். இங்கே ரிட்டர்ன் கோடை (கட்டளையின் முடிவைச் சொல்லும் எண்) பார்க்காமல் விடுவதுதான் பெருந்தவறு. சேஞ்ச் 0 தந்தால் மாறியது, 4 தந்தால் சொல் கிடைக்கவில்லை, 8 தந்தால் குறைந்தது ஓர் இடத்திலாவது புதிய சொல் அடங்கவில்லை. சேஞ்ச்_கவுண்ட்ஸ் கேட்டால் மாறிய எண்ணிக்கையும் பிழை எண்ணிக்கையும் தனித்தனியே கிடைக்கும். 8 வந்தால் எண்ட்டுக்குப் பதில் கேன்சல் கொடுத்து, மெம்பர் பெயரை ஒரு பட்டியலில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சிலவற்றை மட்டும் கையால் திறந்து பார்க்கலாம். மேக்ரோவை ஒரு மெம்பரில் சோதிக்க, எடிட் திரையின் கட்டளை வரியில் அதன் பெயரைத் தட்டினால் போதும்.

யுனிக்ஸ் பக்கத்து ஃபைல்களுக்கு ஓஎடிட் கட்டளை இதே எடிட்டரைத்தான் திறக்கும், சேஞ்ச் இதேபோலத்தான் நடக்கும். ஐஎஸ்பிஎஃப்பே எழாத நாளில் டிஎஸ்ஓவின் ரெடி நிலையில் எடிட் என்ற பழைய கட்டளை இருக்கிறது. அது முழுத்திரை காட்டாது. லிஸ்ட், ஃபைண்ட், சேஞ்ச், டெலீட் என்று வரி வரியாகத்தான் வேலை. பதிந்து வெளியேற ‘எண்ட் சேவ்’, பதியாமல் வெளியேற ‘எண்ட் நோசேவ்’. டிஎஸ்ஓவுக்குள் நுழையும்போது ஓடும் லாகான் ப்ரொசீஜரில் ஒரு எழுத்துப் பிழையால் யாருமே ஐஎஸ்பிஎஃப்புக்குள் போக முடியாதபோது, அந்த எழுத்தைத் திருத்த அதுவே போதுமானது.